யாவரும் அறிந்த மர்மம்: அம்பையின் சுதா குப்தா கதைகளை முன்வைத்து

திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் டி. கல்லுப்பட்டியில் இறங்கி, பேரையூர்ப் பேருந்துக்குக் காத்து நின்ற ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கு உண்டு. இறையியல் மாணவர்களாகக் கிராம ஆராதனைகளுக்கு அனுப்பப்பட்ட காலம் அது. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களில் ஒன்றை வாங்கி, திருமறை விளக்கவுரையின் நடுவில் ஒளித்து வைத்துப் படித்து முடித்த பின்னரே பிரசங்கக் குறிப்பைக் கையில் எடுத்தவர்கள் நம்மில் ஒருவர் இருவர் அல்லர். ஆகவே, துப்பறியும் கதையைப் பற்றி இறையியல் ஏட்டில் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் அன்பர்களுக்கு நாம் கூறும் முதல் விடை, குருவானவர்கள் அவற்றை எப்பொழுதும் படித்தே வந்திருக்கின்றனர் என்பதாகும். இரண்டாவது விடை சற்று நீளமானது.

தமிழ்த் துப்பறியும் கதைகளில் துப்பறிபவர் நெடுங்காலம் ஆணாகவே இருந்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-இல் வெளிவந்தது. நூலின் பெயர் பெண்ணுடையது. துப்பறிபவர் பெயர் கோவிந்தன். இந்தப் பங்கீடு தற்செயலானதன்று என்றே கருதுகிறோம். துன்பம் பெண்ணுக்கு நேரும். உண்மை ஆணுக்குப் புலப்படும். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியவாறு சிந்திப்பார். அவருடைய மனைவி இந்திராவை நாம் அறிவோம், ஆயினும் வழக்கை முடிப்பவர் சங்கர்லாலே. சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ 1968-இல் கணேஷ் என்னும் வழக்கறிஞரை அறிமுகம் செய்தது. பின்னர் வந்து சேர்ந்த வசந்தும் ஆணே. 1980-களின் மாத நாவல்களில்தான் பெண் அலுவலகத்துக்குள் நுழைகிறாள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா ஆகிய இணைகளைத் தமிழ்நாடு முழுவதும் விரும்பிப் படித்தது. ஆனால் சுசீலாவைப் பற்றி வாசகர் முதலில் நினைவுகூர்வது எதை? அவள் அவிழ்த்த முடிச்சை அன்று. அவளுடைய பனியன் சட்டையில் எழுதியிருந்த வாசகத்தை. அவற்றைப் படித்து நாமும் சிரித்தோம் என்பதை மறைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் அம்பையின் ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ என்னும் நூலை வைத்துப் பார்க்க வேண்டும். காலச்சுவடு பதிப்பகம் 2014-இல் வெளியிட்ட இந்நூலில் மூன்று நீண்ட கதைகள் உள்ளன. மூன்றிலும் மும்பை நகரில் தனியார் துப்பறிவாளராகத் தொழில் செய்யும் சுதா குப்தா என்னும் தமிழ்ப்பெண் வருகிறார். 2016-இல் இவை ஆங்கிலத்திலும் வந்தன. அம்பை என்னும் சி. எஸ். லக்ஷ்மியை நம் வாசகருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1976-இல் ‘சிறகுகள் முறியும்’, 1988-இல் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ ஆகிய தொகுதிகளைத் தந்தவர். தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ந்தவர். பெண்களின் வாழ்வையும் வாக்கையும் பதிவுசெய்து காக்கும் ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தை 1988-இல் மும்பையில் நிறுவியவர்களில் முதன்மையானவர். 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றவர். இத்தகையவர் எழுபது வயதில் துப்பறியும் கதை எழுதியது சிலருக்கு வியப்பளித்தது. நமக்கு அளிக்கவில்லை. பெண்களிடம் பல்லாண்டுகள் வாய்மொழி கேட்டுப் பதிவுசெய்தவர், விசாரணை என்னும் கலையை வேறு எவரையும்விட நன்கு கற்றிருப்பார்.

சுதா குப்தா துப்பாக்கி ஏந்துவதில்லை, சுவரேறிக் குதிப்பதில்லை. கணவர், மகள், சமையலறை, காபி ஆகியவற்றுக்கு இடையில் அவருடைய தொழில் நடக்கிறது. காவல்துறையில் கோவிந்த் ஷெல்கே என்னும் நண்பர் இருக்கிறார். உதவியாளரின் பெயர் ஸ்டெல்லா. இப்பெயரை நம் வாசகர் கவனியாமல் இருக்க இயலாது. தமிழ்த் திரைப்படங்களும் தொடர்கதைகளும் ஸ்டெல்லா, ரோஸி, ஜூலி என்னும் பெயர்களைத் தட்டச்சுக்கும் கவர்ச்சிக்கும் என்றே ஒதுக்கி வைத்திருந்தன. அம்பையின் ஸ்டெல்லா அறிவுள்ள, நம்பத்தகுந்த உடன்பணியாளர். சிறிய செய்திதான், எனினும் நன்றி கூறத்தக்கது.

இக்கதைகளின் தனித்தன்மை எது? புதிரின் நுட்பம் அன்று. புதிரை நாடிப் படிப்பவர் ஏமாற்றம் அடையக்கூடும். சில இடங்களில் முடிச்சு மிக எளிதில் அவிழ்ந்துவிடுகிறது என்னும் குறையை நாமும் உணர்ந்தோம். தனித்தன்மை சுதா குப்தா கேட்கும் முறையில் இருக்கிறது. அவர் குற்றவாளியைத் துரத்துவதைவிடத் துன்புற்றவர் அருகில் அமர்வதே மிகுதி. தீமை இங்கே அயலானாக ஊருக்குள் வருவதில்லை. பெரும்பாலும் இல்லத்தினுள் உறவின் பெயரால் அமர்ந்திருக்கிறது. அதை அறிந்தவர்களும் அங்கேயே இருக்கின்றனர். அறிந்ததைச் சொல்ல ஒரு செவி கிடைக்கவில்லை, அவ்வளவே.

ஆங்கிலத் துப்பறியும் நாவலின் அடிப்படை, உண்மையை எவரும் அறியார் என்பது. ஒரு மாளிகை, ஒரு பிணம், ஐயத்துக்குரிய பத்துப் பேர். அவர்களில் குற்றவாளி ஒருவனுக்கே உண்மை தெரியும். மதுரைச் சமவெளியின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கே யாவரும் அறிவர்; எவரும் உரைப்பதில்லை. 1980-களின் நடுப்பகுதியில் உசிலம்பட்டி வட்டாரத்தின் பெண் சிசுக்கொலை பத்திரிகைகளில் வெளிவந்து நாடே அதிர்ந்தபோது, டி. கல்லுப்பட்டியிலும் பேரையூரிலும் அதிர்ந்தவர் எத்தனை பேர்? பேறு பார்த்த மருத்துவச்சி அறிவாள், பாட்டி அறிவாள், பிள்ளை பார்க்க வந்து, தொட்டில் இல்லாததைக் கண்டு, ஒன்றும் கேளாமல் திரும்பிய அண்டை வீட்டாள் அறிவாள். அவ்வூர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர், சபைகள் இருந்தன, குருவானவர்கள் இருந்தனர். கண்டுபிடிக்க அங்கு எதுவும் இல்லை. சொல்லத்தான் ஆள் இல்லை.

இதனாலேயே நம் மண்ணில் துப்பறியும் பெண்ணின் பணி, மறைந்ததைக் கண்டறிவதைவிட அறிந்ததை வாய்விட்டுச் சொல்லச் செய்வதாக அமைகிறது. அம்பை இதனை எவ்வளவு உணர்ந்து செய்தார் என்று நாம் அறுதியிட வேண்டியதில்லை. கதைகள் இவ்வாறு படிக்கப்படுவதற்கு இடந்தருகின்றன.

மதுரைக்கு இது புதிய செய்தியுமன்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நாம் கற்பின் பெருமையாகவும் சீற்றத்தின் நெருப்பாகவும் மேடைகளில் முழங்கியே பழகிவிட்டோம். அது சான்றுகாட்டும் வழக்கு என்பதை மறந்துவிட்டோம். பொற்கொல்லன் சொல்லை மன்னன் நம்பினான், ஆராயவில்லை. கண்ணகி வந்தாள்; தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள்; அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்பதை மன்னன் வாயாலேயே வெளிப்படச் செய்தாள்; உடைத்துக் காட்டினாள். அரசவை செய்யத் தவறிய விசாரணையைக் கைம்பெண் ஒருத்தி சில நொடிகளில் செய்து முடித்தாள். ஆயின் அந்த உண்மை கோவலன் கொலையுண்ட பின் வந்த உண்மை என்பதையும் உடன் கூற வேண்டும்.

திருமறை மாணவர்களுக்கு சூசன்னாவின் வரலாறு நினைவுக்கு வரும். நம் சீர்திருத்தச் சபைகளின் தமிழ்த் திருமறையில் அது இடம்பெறாமையால் மாணவர் பலர் அதனைப் படித்ததே இல்லை. குளிக்கச் சென்ற பெண்ணை இணங்கவைக்க முயன்று தோற்ற மூப்பர் இருவர், அவள்மீதே விபசாரக் குற்றம் சாட்டுகின்றனர். இளைஞனாகிய தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் கண்டீர் என வினவ, இருவரும் வெவ்வேறு மரத்தைக் கூறி அகப்படுகின்றனர். உலகின் பழைமையான துப்பறியும் கதைகளில் ஒன்றாக இதனைப் பலர் கருதுவர். 1928-இல் டாரதி சேயர்ஸ் தாம் தொகுத்த துப்பறியும் கதைத் திரட்டில் இதனையும் சேர்த்திருந்தார். தானியேலின் மதிநுட்பத்தை நாமும் வியக்கிறோம். ஆனால் கதையை மீண்டும் படித்துப் பாருங்கள். சபையில் எவரும் சூசன்னாவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தானியேலும் கேட்கவில்லை. அவள் கடவுளை நோக்கி அழுதாள்; கடவுள் கேட்டார். மூப்பர் இருவர் பொய்யர் என்று மெய்ப்பிக்கப்பட்டதால் அவள் பிழைத்தாளேயன்றி, அவள் சொல் நம்பப்பட்டதால் அன்று. அம்பையின் துப்பறிவாளர் அந்த அவையில் இருந்திருப்பின், முதலில் சூசன்னாவின் அருகில் சென்று அமர்ந்திருப்பார். கல்லறையிலிருந்து திரும்பிய பெண்களின் சொல் அப்போஸ்தலருக்கு வெறும் பிதற்றலாகத் தோன்றிற்று என்று லூக்கா எழுதியிருப்பதையும் இவ்விடத்தில் நினைப்பது பொருத்தமுடையது.

சேயர்ஸ் நம் வாசகருக்கு இறையியல் எழுத்தாளராகவே அறிமுகமானவர். அவருடைய துப்பறியும் நாவல்களில் மிஸ் கிளிம்ப்சன் என்னும் மணமாகாத முதிய பெண்மணி வருகிறார். ஆலயம் தவறாதவர்; பேச்சு மிகுந்தவர். பிறர் அற்பமென எண்ணும் கிழவிகளின் வம்புப் பேச்சிலிருந்து உண்மையைப் பிரித்தெடுப்பதே அவர் தொழில். 1927-இல் வெளிவந்த ‘இயற்கைக்கு மாறான மரணம்’ என்ற பொருளுடைய நாவலில், ஆலயத்தில் யாரோ தவறவிட்ட தாள் ஒன்று அவர் கையில் கிடைக்கிறது. அது பாவ அறிக்கைக்காக ஒரு பெண் எழுதி வைத்த குறிப்பு. அதைப் படிப்பது மாபாவம் என்று அவர் மனச்சாட்சி கூறுகிறது. படித்தால் ஒருவேளை ஓர் உயிர் தப்பும். நெடுநேரம் போராடுகிறார், இறுதியில் படிக்கிறார், படித்ததனால் அவர் உயிருக்கே ஆபத்து நேர்கிறது. மேய்ப்புப்பணி வகுப்பில் இரகசியம் காத்தல் பற்றி நாம் நிகழ்த்தும் விரிவுரைகள் பலவற்றைவிட அந்தச் சில பக்கங்கள் மாணவருக்கு மிகுதியாகக் கற்பிக்கும்.

நம் நாட்டிலும் மிஸ் கிளிம்ப்சன்கள் இருந்தனர். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் நாளடைவில் வேதாகமப் பெண்மணிகளை வீடு வீடாக அனுப்பியது. ஆண் மிஷனெரி திண்ணைக்கு அப்பால் செல்ல இயலாத வீடுகளில், அப்பெண்கள் அடுப்படிவரை சென்றனர். எழுத்துக் கற்பித்தனர், திருமறை வாசித்தனர், காயங்களையும் கண்டனர். அவர்களின் அறிக்கைகள் எத்தனை பேருக்குக் கற்பித்தோம் என்னும் கணக்காகவே மிஷன் ஏடுகளில் சுருங்கின. அவர்கள் அறிந்த மற்றவற்றை எந்தக் குழுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் நாட்டுத் தனியார் துப்பறியும் நிறுவனங்களின் தொழிலில் பெரும்பகுதி திருமண விசாரணையே. மணமகன் உண்மையில் அந்த வேலையில் இருக்கிறானா, முன்னரே மணமானவனா, குடிப்பவனா என்று கேட்டறிந்து சொல்வதற்குக் கட்டணம் பெறுகின்றனர். நம் சபைகளில் இந்தப் பணி கட்டணமின்றி நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதற்கு ஓலை வாசித்தல் என்று பெயர். மூன்று ஞாயிறு அறிவிக்கிறோம். தடை அறிந்தவர் தெரிவிக்கலாம் என்கிறோம். சபையார் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் அடுத்த ஞானப்பாட்டைத் தேடுகின்றனர். தடை அறிந்த ஒருவர் எழுந்து நின்றதை நம் ஊழியக் காலத்தில் நாம் கண்டதில்லை.

ஓலைக்கு முன்னர் பெண்ணின் தகப்பனார் குருமனைக்கு வருவார். “ஐயா, பையன் எப்படி? உங்க சபைப் பையன்தானே?” என்பார். அவ்வாறு ஒருவர் நம்மிடம் கேட்டார். அந்த இளைஞன் குடித்துவிட்டுத் தாயை அடித்ததை நாம் அறிவோம். தாயே இரவில் வந்து அழுது சொன்னாள். ஆயினும் அவன் தந்தை சபைக் குழுவில் இருந்தார். திருமணமானால் திருந்திவிடுவான் என்று நாமே நமக்குச் சொல்லிக்கொண்டோம். “நல்ல குடும்பம்” என்று விடையளித்தோம். கவனியுங்கள், அது பொய்யன்று. கேட்கப்பட்ட கேள்விக்கு விடையும் அன்று. பதினோரு மாதங்கள் கழித்து அந்தப் பெண் ஒரு பையுடன் தகப்பன் வீடு திரும்பினாள். அவளுடைய தகப்பனார் அதன்பின் நம்மைக் கண்டால் தோத்திரம் சொல்வார், நின்று பேசமாட்டார். சுதா குப்தாவிடம் சென்றிருந்தால் அவருக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவாகியிருக்கும்.

இவ்வளவு கூறியபின், நூலின்மீது நமக்குள்ள தயக்கத்தையும் மறைக்கலாகாது. சுதா குப்தா மும்பைக்காரர். மேம்பாலத்தில் யாரும் யாரையும் அறியாத நகரம் அவருக்குப் போர்வையாகிறது. டி. கல்லுப்பட்டியில் அவர் பேருந்தைவிட்டு இறங்கிய உடனே, “யார் வீட்டுக்கு வந்திருக்கீக?” என்று தேநீர்க்கடைக்காரர் கேட்டுவிடுவார், மாலைக்குள் ஊர் முழுவதும் விடை தெரிந்திருக்கும். ஏற்கெனவே யாவரும் அறிந்த ஊரில் துப்பறிவாளருக்கு மறைவிடம் கிடையாது. அங்கே உண்மையைச் சொல்பவள் மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டும். அதே குழாயடியில் நிற்க வேண்டும். இந்தச் சுமையை அம்பையின் நாயகி சுமப்பதில்லை. வழக்கு முடிந்ததும் தம் இல்லத்துக்குத் திரும்பிக் காபி அருந்த அவரால் இயலும்.

இதனினும் கடுமையான வினா ஒன்று உண்டு. துப்பறிவாளரின் உண்மை, கட்டணம் செலுத்தியவருக்கே உரியது. அம்பை தம் நாயகிக்கு நல்ல மனச்சாட்சியை அளித்துள்ளார். தொழிலுக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. மணமகனைப் பற்றி விசாரிக்கும் அதே கருவி, கல்லூரிக்குச் செல்லும் மகள் எந்தச் சாதிப் பையனுடன் பேசுகிறாள் என்று உளவறியவும் பயன்படும். அவ்வாறு கிடைக்கும் உண்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாவட்டத்தில் விளக்கத் தேவையில்லை. பெண்ணே விசாரித்தாலும், விசாரணை யார் பக்கம் நின்று நடக்கிறது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. 1972-இல் பி. டி. ஜேம்ஸ் தம் பெண் துப்பறிவாளரைப் படைத்தபோது, இது பெண்ணுக்குப் பொருந்தாத வேலை என்னும் ஊராரின் பேச்சையே நாவலுக்குப் பெயராக்கினார். பொருந்துமா என்னும் அந்த ஐயத்தை அம்பை கடந்துவிட்டார். யாருக்காக என்பதைக் கதைக்குள் இன்னும் வன்மையாகக் கேட்டிருக்கலாம்.

டி. கல்லுப்பட்டியில் 1940-இல் தொடங்கப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே. சி. குமரப்பா தம் இறுதியாண்டுகளைக் கழித்தார். 1960-இல் மறைந்த அவர், தொழிலால் கணக்குத் தணிக்கையாளர். 1945-இல் இயேசுவின் நடைமுறையையும் போதனையையும் பற்றி நூல் வெளியிட்ட கிறிஸ்தவர். குஜராத்தின் மாத்தர் வட்டத்துக் குடியானவர்களின் வறுமையை அறிய மாணவர்களுடன் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தவர். ஒரு பொருளை வாங்குபவன் அதை உண்டாக்கியவன் எவ்வாறு நடத்தப்பட்டான் என்று விசாரிக்கக் கடமைப்பட்டவன், விசாரியாதவன் அந்தக் கொடுமையில் பங்காளி என்பது அவர் கருத்து. அங்கே விசாரணை யாரோ பணம் கொடுத்து வாங்கும் சேவையன்று. உண்பவன், உடுப்பவன் ஒவ்வொருவன்மீதும் விழும் கடன். ‘எனக்குத் தெரியாது’ என்று கூறித் தப்பும் வழியைக் குமரப்பா அடைத்துவிட்டார். 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டமும் தன் எல்லைக்குள் இதையே செய்கிறது: குழந்தைக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் தெரிவிக்க வேண்டும், தெரிவியாமை தண்டனைக்குரியது. அந்த ‘எவராயினும்’ என்னும் சொல்லில் குருவானவரும் அடங்குவார். நம் சேகரக் கூட்டங்களில் இது எத்தனை முறை படித்துக் காட்டப்பட்டது என்று வாசகரே எண்ணிக்கொள்ளட்டும்.

நூலைக் கல்லூரி நூலகங்கள் வாங்கி வைப்பது நலம். மாணவர்கள் தனியே படிப்பதைவிட, பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் ஐந்தாறு பேருடன் அமர்ந்து படிக்கலாம். ஓர் எச்சரிக்கை: அவ்வாறு படித்த ஒரு கூட்டத்தில், கதையைப் பற்றிய பேச்சு அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு ஒரு மூதாட்டி தம் தெருவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அன்று கடைசிப் பேருந்து போய்விட்டது.